லாரி டீசல் எஞ்சினை வேகப்படகில் ஏற்றுவது: கம்மின்ஸ் 6பிடி-க்கு ஒரு வழிகாட்டி

5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி எஞ்சினைப் படகில் ஏற்ற நினைப்பவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை எச்பி எடுக்கலாம் என்பது. ஒரு மணி நேரம் விடாமல் எத்தனை எச்பி எடுக்கலாம் என்று கேட்டால் வேலையில் பாதி தெளிவாகிவிடும். டாட்ஜ் ராம் பிக்கப் சமதளத்தில் 100 கிமீ வேகத்தில் ஓட 50 எச்பி கூடத் தேவைப்படாது. அதே எஞ்சினைத் தண்ணீர்மேல் எழும்பி ஓடும் 26 அடிப் படகில் வைத்தால், ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்திய நிலையிலும் 200 எச்பி-க்கு மேல் தொடர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும். லாரிக்கு இறக்கம் உண்டு, சிக்னல் உண்டு, டீக்கடை உண்டு. எழும்பி ஓடும் படகுக்கு முழுக்க ஏற்றம்தான். இந்த மாற்றத்தில் செய்யும் எல்லா வேலையும் அந்த ஓயாத லோடு கிளப்பும் சூட்டை வெளியேற்றுவதற்குத்தான்.

6பிடி-யை இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1989 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் பிக்கப்களில் 12 வால்வு வடிவில் வந்தது. ஜாம்ஷெட்பூர் டாடா கம்மின்ஸ் ஆலையில் உருவாகி டாடா லாரிகளில் ஏறியதும் இதே குடும்பம். கம்மின்ஸே இதன் கடல் வடிவத்தை 6பிடிஏ என்ற பெயரில் 3000 ஆர்பிஎம்-மில் 370 எச்பி வரை விற்றது. ஆகவே எதை மாற்ற வேண்டும், எது அப்படியே தாங்கும் என்பதில் ஊகத்துக்கு இடமில்லை. கீழே உள்ள கணக்குகள் 300 எச்பி, 2800 ஆர்பிஎம், முழு லோடுடன் 3000 கிலோ எடையுள்ள படகு என்று வைத்துப் போட்டவை. லாரி பிஸ்டன்களை வைத்துக்கொண்டு இதற்கு மேல் போக வேண்டாம்.

எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது

1994 முதல் 1998 வரை வந்த, பாஷ் பி7100 இன்லைன் பம்ப் உள்ள எஞ்சின்தான் முதல் தேர்வு. கம்ப்யூட்டர் கிடையாது, டீசலை அழுத்தும் ஆறு பிளஞ்சர், வேகத்துக்கு ஏற்ப டீசலை அளக்கும் கவர்னர், எஞ்சினை நிறுத்த ஒரு ஸ்டாப் சோலனாய்டு, அவ்வளவுதான். 1993 வரை வந்த விஇ ரோட்டரி பம்ப் எஞ்சின் 220, 230 எச்பி போதும் என்பவர்களுக்குப் பரவாயில்லை. 1998 நடுவில் வந்த 24 வால்வு எஞ்சினில் விபி44 எலக்ட்ரானிக் பம்ப் இருக்கிறது. டேங்கிலிருந்து டீசல் அனுப்பும் ஃபீட் பம்பின் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் அது செத்துவிடும். அந்தக் காலத்து பிளாக்குகளில் பக்கவாட்டில் 53 என்ற வார்ப்பு எண் இருந்தால் வாட்டர் ஜாக்கெட் சுவர் மெல்லிசு, விரிசல் விடும் என்று பெயர் வாங்கியது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

எஞ்சினை வாங்குமுன் சூடாக ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். பேக் கம்ப்ரஷன் (பிஸ்டன் ஓரமாகக் கசிந்து வரும் புகை) லேசாக இருந்தால் சரி, குபுகுபுவென்று அடித்தால் போர், அதாவது பிஸ்டன் ஓடும் துளை, தேய்ந்துபோயிற்று. 6பிடி-யில் தனி லைனர் கிடையாது, பிளாக்கிலேயே போர். அளவு 102 மிமீ, ஸ்ட்ரோக் 120 மிமீ. 0.5, 1.0 மிமீ ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கிடைக்கும். ஐடிலில் சூடான நிலையில் ஆயில் பிரஷர் 10 பிஎஸ்ஐ-க்குக் கீழே, முழு ரேஸில் 30-க்குக் கீழே இருந்தால் அடிப்பாகத்தைப் பிரித்தே ஆக வேண்டும். எப்படியும் பிரித்துப் பார்ப்பது நல்லது. பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் நாசில்களில் ஒன்று அடைத்திருந்தால் லாரியில் பல வருஷம் தெரியாமல் ஓடும். படகில் அந்த சிலிண்டரில்தான் பிஸ்டன் முதலில் இறுகிப் பிடிக்கும்.

பிரித்துப் பூட்டும்போது: மெயின் கேப் போல்ட் 176 நியூட்டன் மீட்டர், கனெக்டிங் ராட் 100. ஹெட் போல்ட் எல்லாவற்றையும் முதலில் 90-க்கு முறுக்கி, நீளமான போல்ட்களை மட்டும் 120-க்கு ஏற்றி, கடைசியில் அத்தனையையும் 90 டிகிரி திருப்ப வேண்டும். டேப்பெட் இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் இன்லெட் 0.25 மிமீ, எக்ஸாஸ்ட் 0.51 மிமீ.

முன்பக்க டைமிங் கவரைக் கழற்றியதும் ஒரு வேலையை மறக்கக் கூடாது. கியர் ஹவுசிங்கைப் பிளாக்கில் நிறுத்த ஒரு சின்ன ஸ்டீல் டவல் பின் அடித்திருப்பார்கள். அதை எதுவும் பிடித்து வைத்திருக்காது. அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே வந்து கியருக்குள் விழும். விழுந்தால் ஹவுசிங் உடையலாம், கேம் டைமிங் போகலாம். பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு தகட்டு நாக்கை வைத்துப் பின்னின் தலையை மூடும்படி முறுக்கிவிட்டால் தீர்ந்தது. பத்து நிமிட வேலை. எஞ்சின் பெட்டிக்குள் இறங்கிய பிறகு செய்ய வேண்டுமென்றால் இரண்டு நாள்.

இன்னொரு யோசனை. தண்ணீர் புகுந்து போர் துருப்பிடித்த கடல் 6பிடிஏ எங்காவது கிடைத்தால் அதை வாங்கிப் போடுங்கள். அதன் தண்ணீர் மேனிஃபோல்டு, ஆஃப்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), ஹீட் எக்ஸ்சேஞ்சர் (கடல்நீரால் கூலன்ட்டைக் குளிர்விப்பது), கடல்நீர் பம்ப், ஃப்ளைவீல் ஹவுசிங் எல்லாம் லாரி பிளாக்கில் அப்படியே உட்காரும். இவற்றைப் புதிதாகத் தனித்தனியாக வாங்கினால் எஞ்சின் விலையைப் பல மடங்கு தாண்டும்.

டீசலைக் கூட்டும் ஆசை

பி7100-ஐ ஸ்க்ரூடிரைவரும் அரமும் வைத்தே ஏற்றிவிடலாம். மேலே இருக்கும், டீசலுக்கு வரம்பு வைக்கும் ஃப்யூயல் பிளேட்டை அரத்தால் தேய்த்தால், அல்லது கழற்றியே போட்டால், டீசல் கொட்டும். சாலையில் ஓட்டுபவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். அவர்கள் முழு மிதியை இருபது விநாடி மிதிப்பார்கள், அவ்வளவுதான். படகில் மிதித்தது மிதித்தபடியே இருக்கும். அலுமினிய பிஸ்டனின் தலை இருபது விநாடியில் உருகாது, இருபது நிமிடத்தில் உருகும்.

எனவே டீசலை அளவுமானியைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் வெப்பமானி பொருத்துங்கள். தொடர்ந்து ஓடும்போது 650 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. முழு மிதியில் ஓரிரு நிமிடம் 700-ஐத் தொட்டால் பொறுக்கலாம். டர்போவுக்குப் பின்னால் மானி வைத்தால் நூறு டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டும், அதை நம்பி ஏற்றாதீர்கள்.

இன்ஜெக்‌ஷன் டைமிங் லாரியில் சுமார் 12 முதல் 14 டிகிரி இருக்கும். முன்னே தள்ளினால் எக்ஸாஸ்ட் சூடு குறையும், சிலிண்டர் அழுத்தம் ஏறும். ஹெட் கேஸ்கட் அதை நீண்ட நேரம் தாங்காது. 16-இல் நிறுத்துங்கள்.

லாரி கவர்னர் 2500 ஆர்பிஎம்-முக்கு முன்பே டீசலைக் குறைக்க ஆரம்பிக்கும். 2800-இல் முழு லோடு வேண்டுமென்றால் 3000 ஆர்பிஎம் கவர்னர் ஸ்பிரிங் போட வேண்டும். வால்வு ஸ்பிரிங்கையும் 60 பவுண்டு ஸ்பிரிங்காக மாற்றிவிடுங்கள். பழைய ஸ்பிரிங் அந்த வேகத்தில், அதுவும் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறியிருக்கும்போது, வால்வைச் சரியாக மூடாது.

ஏஎஃப்சி என்கிற, பூஸ்ட் வந்த பிறகே கூடுதல் டீசலை விடும் அமைப்பைப் படகில் பொறுமையாகச் சரிபார்க்க வேண்டும். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தானே கிளப்பிய அலையை ஏறும் கட்டம் 1600 முதல் 2000 ஆர்பிஎம்-முக்குள் வரும். எஞ்சினுக்கு லோடு அதிகம், டர்போ இன்னும் சுற்றவில்லை. ஏஎஃப்சி இறுக்கமாக இருந்தால் படகு அங்கேயே திணறி நிற்கும். தளர்வாக இருந்தால் கரும்புகை கிளம்பி பின்பலகை முழுக்கக் கரி. கால் திருப்பு திருப்பி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கால் திருப்பு என்றுதான் செய்ய வேண்டும்.

டர்போவைப் பொறுத்தவரை, லாரியில் வந்த ஹோல்செட் எச்எக்ஸ்35 இந்தச் சக்திக்குப் போதும். பெரிய டர்போ போட்டால் மேலே நன்றாக இருக்கும். அந்த அலை ஏறும் கட்டத்தில் கழுத்தறுக்கும்.

சூடு எங்கே போகிறது

300 எச்பி என்றால் 224 கிலோவாட். இந்த அளவுக்கு எஞ்சின் மணிக்கு 57 லிட்டர் டீசலைத் தின்னும். எரியும் டீசலின் சக்தியில் ஷாஃப்டுக்கு வருவது மூன்றில் ஒரு பங்கும் கொஞ்சமும்தான். மீதியில் பெரும்பகுதி எக்ஸாஸ்டில் போக, கூலன்ட் வழியாக 140 கிலோவாட், ஆஃப்டர்கூலர் வழியாக 45, கியர்பாக்ஸ் ஆயில் வழியாக 6, ஆக சுமார் 190 கிலோவாட் சூட்டைக் கடல்நீர் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

கடல்நீர் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் 12 டிகிரி வித்தியாசம் அனுமதித்தால் தேவைப்படும் ஓட்டம் விநாடிக்கு நான்கு லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 240 லிட்டர். பம்பை இந்த எண்ணை வைத்து வாங்குங்கள். கேடலாகில் போட்டிருக்கும் ஓட்டம் தடையே இல்லாத குழாயில் அளந்தது. ஹீட் எக்ஸ்சேஞ்சர், ஆஃப்டர்கூலர், நாலு வளைவு எல்லாம் சேர்ந்தபின் கிடைக்கும் ஓட்டத்தைப் பம்பின் அழுத்த வரைபடத்தில் பார்க்க வேண்டும்.

பம்ப் பொருத்த நல்ல இடம் முன்பக்க கியர் ஹவுசிங். லாரியில் ஏர் கம்ப்ரஸர் அல்லது வேக்யூம் பம்ப் கியரில் ஓடிய இடம் அது. பெல்ட்டில் ஓட்டும் பம்ப் மலிவு. பெல்ட் அறுந்தால் எக்ஸாஸ்டில் கலக்கும் கடல்நீர் நின்று, ஒரு நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் ரப்பர் ஹோஸ் எரிய ஆரம்பிக்கும்.

தண்ணீர் போகும் வரிசை முக்கியம். அடித்தட்டில் 50 மிமீ வால்வு, அதையடுத்து சல்லடை, பம்ப், ஆஃப்டர்கூலர், கியர் ஆயில் கூலர், ஹீட் எக்ஸ்சேஞ்சர், கடைசியில் எக்ஸாஸ்ட் எல்போ (கடல்நீர் புகையோடு கலக்கும் வளைவு). மிகக் குளிர்ந்த தண்ணீர் முதலில் ஆஃப்டர்கூலருக்குப் போக வேண்டும். டர்போ அழுத்திய காற்று 180 டிகிரிக்குச் சூடாகி வருகிறது; 30 டிகிரி கடல்நீரில் அதை 50 டிகிரிக்குக் கொண்டுவரலாம். ஹீட் எக்ஸ்சேஞ்சரைத் தாண்டிய தண்ணீரில் அது முடியாது. பம்புக்கு முன்னால் உறிஞ்சும் பக்கத்தில் கம்பி வைத்த ஹோஸ் மட்டுமே போடுங்கள். சாதா ஹோஸ் ஐடிலில் நன்றாக இருக்கும், முழு ரேஸில் உள்ளே ஒட்டிக்கொள்ளும். படகை நிறுத்திப் பார்க்கும்போது மறுபடி விரிந்திருக்கும் என்பதால் கோளாறு பிடிபடவே படாது. பம்பின் வாயில் வேக்யூம் மானி வைத்து அளந்தால் முழு ரேஸில் 5 அங்குல பாதரசத்துக்குள் இருக்க வேண்டும்.

லாரி ரேடியேட்டர் போன இடத்தில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வரும். செம்பு–நிக்கல் குழாய் உள்ளதாகப் பாருங்கள், ஜிங்க் ஆனோடு மாட்ட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சினின் மிக உயரமான புள்ளிக்கும் மேலே எக்ஸ்பேன்ஷன் டேங்க் இருக்க வேண்டும். ஹெட்டின் பின்மூலையிலிருந்தும் டர்போவின் தண்ணீர் ஜாக்கெட்டிலிருந்தும் தனித்தனி மெல்லிய குழாய் எடுத்து அதில் சேருங்கள். எஞ்சின் சாய்ந்து உட்கார்வதால் லாரியில் காற்று தங்காத மூலையில் படகில் தங்கும். காற்று தங்கிய இடத்தில் ஹெட் வெடிக்கும், மானி மட்டும் 80 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்கும்.

எஞ்சின் பெட்டிக்குக் காற்று. 300 எச்பி-யில் எஞ்சின் நிமிடத்துக்கு 18 கன மீட்டர் காற்றை இழுக்கும். உறிஞ்சும் வேகம் விநாடிக்கு 5 மீட்டருக்குள் இருக்க 600 சதுர செமீ திறப்பு இதற்கு மட்டுமே வேண்டும். சூட்டை வெளியே தள்ள இன்னும் அதே அளவு. எஞ்சின் அறை வெளிக்காற்றைவிட 15 டிகிரிக்கு மேல் சூடானால் திறப்பு போதவில்லை என்று அர்த்தம்.

எக்ஸாஸ்ட்

இங்கே செய்யும் தவறு எஞ்சினுக்குள் தண்ணீரை விடும், அல்லது படகுக்குத் தீ வைக்கும். நடுவழி கிடையாது.

லாரியின் மேனிஃபோல்டும் டர்போவின் டர்பைன் கூடும் ஓடும்போது செக்கச்செவேலென்று ஆகும். சாலையில் காற்றோட்டம் அதைப் பார்த்துக்கொள்கிறது. மூடிய பெட்டிக்குள், கண்ணாடியிழை உடம்புக்குப் பக்கத்தில் அப்படி விட முடியாது. தண்ணீர் ஓடும் மேனிஃபோல்டும் தண்ணீர் ஓடும் டர்பைன் கூடும் போடுவது ஒரு வழி. சூடு குறையும், ஆனால் டர்போவுக்குப் போகும் சக்தியும் கொஞ்சம் குறையும், கூலன்ட்டுக்குச் சுமை கூடும். இரும்பு மேனிஃபோல்டை அப்படியே வைத்து, அளவெடுத்துத் தைத்த காப்புப் போர்வை போடுவது இன்னொரு வழி. படகு சட்டென்று வேகம் பிடிக்க வேண்டும், எடை குறைய வேண்டும் என்றால் இரண்டாவதுதான் நல்லது. ஆனால் சுற்றிக் கட்டும் நாடாவைப் போர்வைக்குப் பதில் வைக்காதீர்கள். டீசலோ ஆயிலோ சிந்தினால் அது திரியாகிவிடும்.

டர்போவை விட்டதும் குழாய் மேலே ஏற வேண்டும். அதன் உச்சி, படகு முழுச் சுமையில் மிதக்கும் நீர்மட்டத்துக்குக் குறைந்தது 30 செமீ மேலே இருக்க வேண்டும். உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிய பிறகுதான் கடல்நீர் கலக்க வேண்டும். இறங்கும் பகுதி நேராகக் கீழே பார்த்திருப்பது உத்தமம். அங்கிருந்து பின்பலகை வரை 150 மிமீ எக்ஸாஸ்ட் ஹோஸ், மீட்டருக்கு 4 செமீயாவது சரிவு, வாயில் ஒரு மூடித் தகடு. வேகமாக ஓடி சட்டென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்னால் வரும் அலை பின்பலகை மேல் ஏறிக் குழாய்க்குள் நுழையும். அந்தத் தகடும் 30 செமீ உயரமும் அதற்குத்தான்.

எக்ஸாஸ்ட் பேக் பிரஷரை டர்போவுக்குப் பின்னால், தண்ணீர் கலக்குமுன் அளக்கவும். முழு லோடில் 3 அங்குல பாதரசம், அதாவது 10 கிலோபாஸ்கல், தாண்டினால் குழாய் சிறிது.

டீசலில் காற்று எடுத்துவிட்டு செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கும்போது அடித்தட்டு வால்வை மூடி வையுங்கள். எஞ்சின் கிளம்பாமல் சுற்றும்போதும் பம்ப் தண்ணீரைத் தள்ளும்; வெளியே ஊதித் தள்ளப் புகை இல்லாததால் தண்ணீர் எக்ஸாஸ்டில் நிரம்பி, பின்னோக்கி டர்போ வழியாக சிலிண்டருக்குள் போகும். அடுத்து செல்ஃப் அடித்தால் ராட் வளையும். எஞ்சின் பிடித்த கையோடு வால்வைத் திறந்துவிட வேண்டும், பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் உலர்ந்து ஓடினால் அரை நிமிடம்கூடத் தாங்காது.

சக்தியைத் தண்ணீருக்குக் கொண்டுபோவது

பெட்ரோல் வி8 வேகப்படகுகளில் வரும் மெர்குரி பிராவோ போன்ற ஸ்டெர்ன் டிரைவை (பின்பலகைக்கு வெளியே தொங்கும் கியர், ப்ரொப்பல்லர் அமைப்பை) கழற்றாமல் எஞ்சினை மட்டும் மாற்றிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 எச்பி பெட்ரோல் எஞ்சின் 4800 ஆர்பிஎம்-மில் கொடுக்கும் டார்க் 445 நியூட்டன் மீட்டர். அதே 300 எச்பி டீசல் 2800-இல் கொடுப்பது 763. எச்பி ஒன்றுதான், கியர் பல்லில் விழும் அடி ஒன்றே முக்கால் மடங்கு. மேல் கியர் முதலில் போகும். டீசலுக்கென்றே பலப்படுத்திய டிரைவ் இல்லையென்றால், கடல் கியர்பாக்ஸும் நேர் ஷாஃப்டும், அல்லது வாட்டர் ஜெட்டும்தான் வழி.

கடல் கியர்பாக்ஸ் எஸ்ஏஇ 3 என்ற தர அளவில் ஃப்ளைவீல் ஹவுசிங்கைக் கேட்கும். டாட்ஜ் பிக்கப்பின் பின்தகடு அதற்கு ஒத்துவராது. லாரி கிளட்ச், பிரஷர் பிளேட் எல்லாம் போய், ஃப்ளைவீலில் முறுக்கு அதிர்வை வாங்கிக்கொள்ளும் டேம்பர் பிளேட் வரும். இந்த டேம்பர் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பொருந்தியதாக இல்லாவிட்டால் ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும். சத்தத்தோடு நின்றால் பரவாயில்லை, ஸ்பிளைன் தேயும்.

கிராங்கின் முன்னால் உள்ள ரப்பர் டேம்பரையும் பாருங்கள். உள்வளையத்திலும் வெளிவளையத்திலும் உள்ள கோடுகள் 1.6 மிமீக்கு மேல் விலகியிருந்தால் தூக்கிப் போடுங்கள். நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓடும் படகில் டேம்பர் போனால் அடுத்து போவது கிராங்க்.

ஷாஃப்ட் சரிவினால் எஞ்சினின் பின்பக்கம் தாழ்ந்திருக்கும், ஓடும்போது மூக்கு தூக்குவதால் இன்னும் தாழும். ஆயில் பம்ப் உறிஞ்சும் குழாய் சம்ப்பின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் சம்ப்பை மாற்றுங்கள். டிப்ஸ்டிக்கின் லாரிக் கோடுகள் இனி செல்லாது. எஞ்சினைச் சாய்ந்த நிலையில் வைத்து, அளந்த ஆயிலை ஊற்றி, புதுக் கோடு போட வேண்டும். அதிகமாக ஊற்றினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கி பிரீதர் வழியே வெளியே தள்ளும். பிரீதருக்கு ஆயில் பிரிக்கும் வடிகட்டி போட்டு டர்போ வாய்க்குத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் ஏர் ஃபில்டரும் ஆஃப்டர்கூலரும் ஆயில் பிடித்துக் கெடும்.

எஞ்சின், கியர்பாக்ஸ், தண்ணீர், ஆயில் எல்லாம் சேர்த்து 650 கிலோ வரும். அதோடு ப்ரொப்பல்லர் தள்ளும் எழுநூறு, எண்ணூறு கிலோ விசையும் கியர்பாக்ஸ் வழியாக மவுண்ட்டுகளில்தான் இறங்குகிறது. லாரியின் எஞ்சின் ரப்பர் முன்னே தள்ளும் விசைக்குச் செய்ததல்ல. கடல் மவுண்ட் நான்கு வாங்கி, படகின் நீளவாட்டு உத்திரத்தில் இரும்புக் கோணம் வைத்து ஊடுருவும் போல்ட்டில் பிடியுங்கள். மரத்தில் அடிக்கும் லாக் ஸ்க்ரூவை நம்பாதீர்கள்.

கியர்பாக்ஸும் ஷாஃப்டும் சேரும் கப்ளிங் நேர்கோட்டில் இருக்கிறதா என்று கரையில் ஒரு தடவை பாருங்கள்; அது சும்மா ஒப்புக்குத்தான். படகைத் தண்ணீரில் இறக்கி, டேங்க் நிரப்பி, ஒரு நாள் விட்டு மறுபடி பார்ப்பதுதான் கணக்கு. இரண்டு முகங்களுக்கும் இடையே ஃபீலர் கேஜ் விட்டால், 100 மிமீ விட்டத்துக்கு 0.1 மிமீக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது.

ப்ரொப்பல்லர்

வேகத்தை முன்கூட்டியே மதிப்பிட க்ரவுச் வாய்ப்பாடு போதும்: எடையைப் பவுண்டில் எடுத்து ஷாஃப்ட் எச்பி-யால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, அதைக் கொண்டு ஒரு மாறிலியை வகுத்தால் வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். சாதாரண ரன்அபவுட்டுக்கு (சிறிய உல்லாசப் படகுக்கு) மாறிலி 150, வேகமான இலகு படகுக்கு 190. நம் படகு 6600 பவுண்டு, ஷாஃப்டில் 290 எச்பி. வர்க்கமூலம் 4.77. ஷாஃப்ட், பிராக்கெட், சுக்கான் எல்லாம் தண்ணீரில் தொங்குவதால் 150-ஐ எடுத்தால் 31 நாட். யாராவது 190 போட்டு 40 நாட் என்று சொன்னால், அந்த 40 காகிதத்தில்தான் ஓடும்.

கியர் விகிதம் 1.5 என்றால் ப்ரொப்பல்லர் 1867 ஆர்பிஎம் சுற்றும். வழுக்கல் 18 சதவீதம் விட்டு, 31-ஐ 1215-ஆல் (நாட் கணக்கை நிமிடத்துக்கு அங்குலமாக மாற்றும் எண்) பெருக்கி, 1867-இன் 82 சதவீதத்தால் வகுத்தால் பிட்ச், அதாவது வழுக்காமல் ஒரு சுற்றில் ப்ரொப்பல்லர் முன்னேறும் தூரம், 24.6 அங்குலம். 24-இல் ஆரம்பியுங்கள். விட்டத்தையும் இலை அகலத்தையும் ப்ரொப்பல்லர் கடைக்காரரிடம் எச்பி, விகிதம், வேகம் மூன்றையும் கொடுத்து முடிவு செய்யுங்கள்.

முழுச் சுமையில், முழு மிதியில் எஞ்சின் 2800-ஐத் தாண்டி 2850, 2880 வரை போக வேண்டும். 2650-இல் நின்றுவிட்டால் பிட்ச் அதிகம். அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 ஆர்பிஎம் என்று கணக்கு வைத்துக் குறைத்துக்கொண்டு வாருங்கள். இந்த இடத்தில்தான் ஆசை எஞ்சினைக் கொல்கிறது. அதிகப் பிட்ச்சில் படகு நடுத்தர வேகத்தில் நன்றாகவே ஓடும், டீசல் மிச்சம் போலவும் தெரியும். ஆனால் கவர்னர் முழு டீசலைத் திறந்துவிட்டு ஆர்பிஎம் ஏறாமல் தவிக்கும். காற்று பற்றாது, சூடு ஏறும். பிஸ்டன் போன படகுகளில் ப்ரொப்பல்லரைச் சோதித்தால் பல சமயம் காரணம் அதிலேயே இருக்கும்.

ப்ரொப்பல்லர் கேட்கும் சக்தி, சுற்றும் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 2800-இல் 300 எச்பி என்றால் 2500-இல் 213, 2400-இல் 189. நீண்ட ஓட்டத்துக்கு 2400 முதல் 2500. அந்த 300 ஆர்பிஎம்-ஐ விட்டுக்கொடுப்பது எஞ்சின் ஆயுளைப் பல மடங்காக்கும்.

ஜெட் போடுவதானால் கியர்பாக்ஸ் தேவைப்படாது, நேராகக் கோத்துவிடலாம். பிட்ச்சுக்குப் பதில் இம்பெல்லர் அளவை 2800-இல் 300 எச்பி வாங்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினோடு வந்த ஜெட்டின் இம்பெல்லர் 4000, 4500-க்குச் செய்தது. டீசலுக்கு அது காலியாகச் சுற்றும்.

டீசல் வழி, மின்சாரம்

உறிஞ்சும் குழாய் 12 மிமீக்குக் குறையக் கூடாது. டேங்கை விட்டதும் நீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் இரண்டு, நடுவில் வால்வு வைத்து, ஓடும்போதே மாற்றும்படி. அலையில் டேங்க் குலுங்கி அடியில் கிடந்த கசடு மேலே வரும் நாளில்தான் ஒரு ஃபில்டர் அடைக்கும். அன்றைக்கு இரண்டாவது வேண்டும். ஹோஸ் தீயைத் தாங்கும் ஐஎஸ்ஓ 7840 ரகம். ரிட்டர்ன் லைனை டேங்குக்கே கொண்டுபோங்கள், ஃபில்டருக்குத் திருப்பாதீர்கள். பம்பில் சுற்றி வரும் டீசல் சூடாக இருக்கும்.

பி7100-இன் ஸ்டாப் சோலனாய்டில் இரண்டு காயில். இழுக்கும் காயிலுக்கு அதிக ஆம்பியர், செல்ஃப் அடிக்கும்போது மட்டும் வேண்டும். பிடிக்கும் காயில் கொஞ்சம்தான் எடுக்கும். இரண்டையும் சாவியிலேயே சேர்த்துக் கட்டினால் சில நிமிடத்தில் எரிந்துபோகும். தனி ரிலே போடுங்கள், கூடவே கையால் இழுத்து நிறுத்த ஒரு கேபிளும். இன்லெட்டில் உள்ள சூடேற்றும் கம்பி ஒவ்வொன்றும் 95 ஆம்பியர் இழுக்கும். வெப்பக் கடலில் அதைக் கழற்றி வீசலாம்.

இந்தியாவில் உள்நாட்டு நீர்வழியில் ஓட்டுவதானால் 2021 உள்நாட்டுக் கப்பல்கள் சட்டத்தின் கீழ் ஆய்வு, பதிவு உண்டு. மீன்பிடி விசைப்படகுகளுக்கு எஞ்சின் சக்தி வரம்பு தனியே இருக்கிறது, அதில் இந்த வேலையைச் செய்ய நினைக்காதீர்கள்.

முதல் ஓட்டம்

ஒரு தாளில் 1000-இல் தொடங்கி 200 ஆர்பிஎம் இடைவெளியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு நிமிடம் நிறுத்தி பூஸ்ட், எக்ஸாஸ்ட் சூடு, கூலன்ட், ஆயில் பிரஷர், ஃபீட் பம்ப் அழுத்தம், படகு வேகம் எழுதுங்கள். முழு லோடில் பூஸ்ட் 25 முதல் 30 பிஎஸ்ஐ எதிர்பார்க்கலாம், ஃபீட் பம்ப் 25-க்குக் கீழே போகக் கூடாது. பூஸ்ட் குறைவு, சூடு அதிகம் என்றால் காற்று எங்கோ கசிகிறது. ஹோஸ் கிளாம்ப்களைச் சோப்பு நீர் போட்டுப் பாருங்கள். பூஸ்ட் சரி, சூடு அதிகம், ஆர்பிஎம் எட்டவில்லை என்றால் ப்ரொப்பல்லர். எல்லாம் சரி, கூலன்ட் மட்டும் முழு ரேஸில் மெல்ல ஏறிக்கொண்டே போகிறது, ஆக்ஸிலேட்டரை விட்டால் இறங்குகிறது என்றால் கடல்நீர் ஓட்டம் குறைவு, பெரும்பாலும் உறிஞ்சும் பக்கம்.

இந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து அதே 2400-இல் சூடு 30 டிகிரி கூடியிருந்தால் படகின் அடியில் பாசியோ சிப்பியோ பிடித்திருக்கிறது, அல்லது ஆஃப்டர்கூலர் அடைத்திருக்கிறது.

ஒவ்வொரு கடல் ஓட்டத்துக்குப் பிறகும் நன்னீர் விட்டுக் கழுவுங்கள். இம்பெல்லரை வருஷம் ஒருமுறை மாற்றும்போது பழையதன் இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அது வரிசையில் அடுத்து இருக்கும் ஆஃப்டர்கூலரின் வாயில் சிக்கியிருக்கும். தேடி எடுக்காமல் மூடாதீர்கள். ஆஃப்டர்கூலரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கழற்றி, உள்கூட்டை வெளியே இழுத்து, ஓ-ரிங் மாற்றி, அலுமினியமும் செம்பும் சேரும் இடமெங்கும் கடல் கிரீஸ் தடவி, அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்த்துப் பூட்ட வேண்டும். உலோகங்கள் இரண்டும் உப்பில் ஒட்டிக்கொண்டால் பிறகு உடைத்துத்தான் எடுக்க முடியும். காற்றுப் பக்கத்தின் அடியில் ஒரு சின்ன வடிகால் துளை இருக்கும். ஆயில் கசடு அதை அடைத்துவிட்டால் உள்ளே சேரும் நீர் இன்லெட் வால்வில்தான் போய் இறங்கும். ஒரு கம்பியை விட்டு அதைக் குத்தித் திறந்து வைத்திருங்கள்.